தெரிந்தவர்களுக்கு வலது கை

ஜனவரி 6, திங்கள்

பள்ளியில் இன்று ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஒரு துண்டு கரும்புகூடத் தராத நிர்வாகம் இது. சும்மா ஒன்றைத் தருகிறது என்றால் அது சும்மா இல்லை.

கொடுத்தவர் புது முதல்வர் ஹசீனா மேடம். நவம்பரில் திருச்சியிலிருந்து வந்தவர். "தினமும் நாலு வரி எழுதுங்க சார். வகுப்புல என்ன நடந்துச்சு, நான் என்ன கத்துக்கிட்டேன்னு. யாருக்கும் காட்ட வேணாம்" என்றார். யாருக்கும் காட்ட வேண்டாததை எழுதச் சொல்ல இவருக்கு என்ன வந்தது? மார்ச்சில் ஒருநாள் "எல்லாரும் டைரியைக் கொண்டாங்க" என்பார்கள். எனக்கா காது குத்துகிறார்கள்?

அதனால் இரண்டு டைரி. பள்ளி கொடுத்ததில், "இன்றைய வகுப்பு இனிதே நடைபெற்றது. மாணவர்களிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டேன். ஒரு மாதத்துக்கும் சேர்த்து இப்போதே எழுதி வைத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை. இது என் சொந்த டைரி. மைத்துனன் கடையில் போன வருடம் மிஞ்சியது. கிழமையெல்லாம் தப்பாக இருக்கும். அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

மேடம் இன்னொரு குண்டும் போட்டார். "கற்றல் வட்டம்" என்று பெயர். முறை வைத்து ஒருவர் பாடம் நடத்த வேண்டும். மற்ற சில ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பிள்ளையை மட்டும் கவனிக்க வேண்டும். "பாடம் நடத்துறவரைப் பாக்க மாட்டோம். அவரைப் பத்திப் பேசவும் மாட்டோம். அந்தப் பிள்ளை என்ன செஞ்சதுன்னு மட்டும்தான் பேசுவோம்" என்றார். கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டோம் என்பது மாதிரி இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் யாரையோ வீட்டுக்கு அனுப்பத்தான் உட்கார்ந்தார்கள். இயற்பியல் சிதம்பரம் சாருக்கு வேலை போனது அப்படித்தான். இந்த வருடம் சேர்க்கை வேறு குறைவு. தாளாளர் ஆளைக் குறைக்கப் போகிறார் என்று ஆபீஸில் பேச்சு. எனக்கு ஐம்பதைத் தொடப் போகிறது. இந்த வயதில் சங்கரன்கோவிலில் வேறு எந்தப் பள்ளி என்னைச் சேர்த்துக்கொள்ளும்?

ஜனவரி 7, செவ்வாய்

முருங்கை மரத்தில் தாழத் தொங்கிய காய்களைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம். காலையில் என்னைப் பார்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்.

ஜனவரி 8, புதன்

ஒன்பதாம் வகுப்பில் என் கணக்குப் பாடவேளையில் பெஞ்சு மாற்றினேன். இசக்கிப்ரியா என்ற பெண் ஓரத்தில்தான் உட்காருவேன் என்கிறாள். இடது கையால் எழுதுகிறவள், நடுவில் உட்கார்ந்தால் முழங்கை பக்கத்துப் பிள்ளையை இடிக்கிறதாம். சரி என்றேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். மூன்று மாதத்தில் இதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜனவரி 9, வியாழன்

என் வகுப்பைத் தாண்டிப் போன ஹசீனா மேடம் நின்று பார்த்தார். நான் கேள்வி கேட்டிருந்தேன், ஒரு கை பாக்கி இல்லாமல் எல்லாக் கையும் மேலே. மேடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மெச்சியா, சந்தேகப்பட்டா என்று தெரியவில்லை.

அந்தக் கைகளின் ரகசியம் இந்த டைரிக்கு மட்டும். சில வருடங்களுக்கு முன் ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தபோது நான் செய்த ஏற்பாடு அது. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. நான் வலது கைகளை மட்டும் எழுப்புவேன். அன்றைக்கு அதிகாரி அசந்துபோனார். அதன் பிறகு நான் அதை விடவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: "இது நம்ம வழக்கம். வெளியாளுட்ட மூச்சு விடக் கூடாது."

இதில் தப்பு என்ன இருக்கிறது? தெரியாதவனை எழுப்பி எல்லோர் முன்னாலும் முழிக்க வைப்பதைவிட இது மேல். ஒருவருக்கும் அவமானம் இல்லை.

இந்த இசக்கிப்ரியாதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள்கூட வலது கை தூக்கியதில்லை. எந்தக் கேள்விக்கும் இடது கைதான். ஆனால் தேர்வுத்தாளில் எல்லாம் சரி. வகுப்பில் ஒன்றும் தெரியாது என்கிற பிள்ளைக்கு வீட்டுக்குப் போனதும் எங்கிருந்து வருகிறது அறிவு? காப்பி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

சிறு தேர்வு வைத்தேன். இசக்கிப்ரியாவுக்கு முழு மதிப்பெண். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பாதிகூட வாங்கவில்லை. அப்படியானால் பார்த்து எழுதவில்லை, துண்டுச்சீட்டு. பெஞ்சுக்கு அடியில், ஜாமெட்ரி பெட்டிக்குள், பையில் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக மறைக்கத் தெரிந்தவள் சாதாரணப்பட்டவள் இல்லை.

அவள் பையை நானே திருப்பி அடுக்கி வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பு வாங்கப் போன இடத்தில் சில்லறையை எண்ணிப் பார்த்தேன் என்று வடிவு சிரித்தாள். "உங்களுக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம்தான். சாமிக்குப் படைச்ச பொங்கல சாமி தின்னுருச்சான்னுகூட எட்டிப் பாப்பிய." என் மனைவிக்கு நான் என்றால் இளக்காரம்.

ஜனவரி 20, திங்கள்

முதல் வட்டம். தமிழய்யா கோமதிநாயகத்தின் வகுப்பு. எனக்கு ஒரு பையனைக் காட்டினார்கள். அவன் நோட்டில் கோழி வரைந்துகொண்டிருந்தான். நான் அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஐயாவைப் பார்த்து, எங்கே தடுமாறுகிறார் என்று மனதில் குறித்துக்கொண்டேன். நாளை என்னை யாராவது கைகாட்டினால் எனக்கும் ஒரு பிடி வேண்டுமே.

பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நான் "மிகச் சிறப்பு" என்று முடித்துக்கொண்டேன். அறிவியல் எடுக்கும் ஜெபக்கனி டீச்சர் மட்டும் வெளுத்து வாங்கினார். "நான் பாத்த புள்ள ஐயா செய்யுளைப் படிக்கையில கூடவே வாய அசைச்சுது. அர்த்தம் சொல்ல ஆரமிச்சதும் வெளியே பாக்க ஆரமிச்சிட்டு." ஐயா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் "அப்படியா? நான் அர்த்தத்துக்குத்தானம்மா மெனக்கெடுதேன்" என்று சிரித்து, டைரியில் எழுதிக்கொண்டார். டீ குடிக்கும்போதும் இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

நடிப்பு. முதல்வர் முன்னால் நல்ல பெயர் வாங்க இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 22, புதன்

இன்று எல்லாம் விளங்கிவிட்டது.

ஜெபக்கனி டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் வந்து, "சார், உங்க முறை வரும்போது இசக்கிப்ரியாவை நான் பாக்கட்டுமா?" என்றார். ஏன் அவளை என்று கேட்டேன். "எங்க தெருதான் சார் அவ வீடு. என் வகுப்புல நல்லா பேசுதா. உங்க வகுப்புல எப்படி இருக்கான்னு பாக்கணும்போல இருந்துச்சு" என்றார். நூல் விட்டுப் பார்க்கிறார்.

ஒரே தெரு. ஆபீஸில் கேள்வித்தாள் அச்செடுக்கிற மேசைக்குப் பக்கத்தில்தான் டீச்சர் தினமும் கையெழுத்துப் போடுகிறார். என் தாள் எப்படி வெளியே போகிறது என்று கேட்க இனி யாரும் வேண்டாம். இவரே கேள்வியைக் கொடுத்து, இவரே பின்பெஞ்சில் உட்கார்ந்து, "நல்லாப் படிக்கிற பிள்ளையை சார் ஒதுக்குகிறார்" என்று வட்டத்தில் சொல்வார். நான் வெளியே, என் இடத்தில் இவர் தம்பியோ தங்கையோ உள்ளே. ஆனால் வடிவு சொல்கிறாள், அந்த அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லையாம். விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

பொறி வைத்தேன். மதியம் இசக்கிப்ரியாவை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லி, என் மேசைக்கு எதிரே தனியாக உட்கார வைத்தேன். கேள்விகளை அவள் கண்முன்னாலேயே கையால் எழுதிக் கொடுத்தேன். அச்சும் இல்லை, ஆபீஸும் இல்லை.

எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். காரணிப்படுத்தும் கணக்கை நான் வகுப்பில் நடத்திய வழியில் போடவில்லை, வேறு ஒரு வழி. அதுவும் சரிதான்.

"எந்த டியூஷன்ல சொல்லிக் குடுத்தாங்க?"

"டியூஷன் போகல சார்."

"பொய் சொல்லக் கூடாது."

"போகல சார்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "சார், இன்னும் கணக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

திமிரைப் பாருங்கள். டியூஷன் வைத்துப் படித்துவிட்டு வகுப்பில் ஒன்றும் தெரியாதவள்போல இடது கையைத் தூக்குகிறாள். என் பாடம் புரியவில்லை என்று காட்டுவதற்காகவே செய்கிறாள். யார் சொல்லிக் கொடுத்துச் செய்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜனவரி 27, திங்கள்

இப்போதெல்லாம் பெஞ்சிலிருந்து அரை அடி எழும்பி நின்று அந்த இடது கையைத் தூக்குகிறாள். கேலி செய்கிறாள். நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

எங்கள் பள்ளியில் ஒரு நடைமுறை உண்டு. பத்தாம் வகுப்பில் தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் வரவழைத்து, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாசலில் தொங்கும் நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகைக்காக. வருடா வருடம் கணக்கு ஆசிரியர் சொல்கிற பெயர்கள்தான் முக்கியம்.

இன்று என்னைக் கேட்டார்கள். இசக்கிப்ரியா என்றேன்.

ஹசீனா மேடம் நிமிர்ந்து பார்த்தார். "மார்க் நல்லா இருக்கே சார்?"

"காப்பி மேடம். வகுப்புல ஒரு கேள்விக்குக்கூட பதில் வராது."

"காப்பி அடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா தெரியும்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். இந்தப் பட்டியலே தனக்குப் பிடிக்கவில்லை, தாளாளர் உத்தரவு என்பதால் கேட்பதாகச் சொன்னார். கணக்கு ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் மறுக்க முடியாது என்றும் சொன்னார். அவள் அப்பாவைப் பிப்ரவரி பத்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேலை முடிந்தது. வீட்டு மோட்டாரில் காற்று ஏறிவிட்டது, தண்ணீர் ஏறவில்லை. சரிசெய்ய ஆள் வரவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

என் முறை அடுத்த வெள்ளி. கவனிக்க வருகிறவர்கள் ஹசீனா மேடம், ஜெபக்கனி டீச்சர், தமிழய்யா. டீச்சர் கேட்டபடியே அவருக்கு இசக்கிப்ரியா. நான் மறுத்தால் எதையோ மறைக்கிறேன் என்பார்கள். பார்க்கட்டும். ஒன்றும் தெரியாத பிள்ளையை எவ்வளவு நேரம் பார்ப்பார்?

பிப்ரவரி 2, ஞாயிறு

மேலும் சில முருங்கைக்காய்களைக் காணோம். மரத்தடியில் யார் காலடி என்று பார்த்தேன். எல்லாம் வடிவின் செருப்புத் தடம். திருடன் அதே செருப்பு வைத்திருக்கிறான் போல.

பிப்ரவரி 6, வியாழன்

நாளைய பாடத்தை இன்றே ஒரு முறை நடத்திப் பார்த்தேன். கன அளவு. பிஸ்கட் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து. எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி, யார் எதற்கு எழுந்திருப்பது என்பது வரைக்கும். முடிக்கும்போது, "நாளைக்கும் நம்ம வழக்கம்தான், மறந்துராதீங்க" என்றேன். பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தார்கள். இசக்கிப்ரியா எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா வருவதை அவளுக்குச் சொல்லிவிட்டார்களா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜெபக்கனி டீச்சர் இசக்கிப்ரியாவுக்குப் பக்கவாட்டில். தமிழய்யா, மாதேஷ் என்ற பையனுக்குப் பின்னால். மேடம் கதவோரம். கேள்வி கேட்டேன். எல்லாக் கையும் மேலே. வலது கை ஒன்றை எழுப்பினேன், விடை வந்தது. அடுத்த கேள்வி, அடுத்த வலது கை. தறி ஓடுகிற மாதிரி ஓடியது.

பதற்றத்தில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டேன். "ஒரு தொட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் ரெண்டு மடங்காக்கினா, கொள்ளளவு எத்தனை மடங்காகும்?" என்று கேட்டேன். ஹரிஹரன் எழுந்து கணீரென்று, "நூத்தி இருபது கன சென்டிமீட்டர் சார்" என்றான். அது நான் தாண்டிவிட்ட கேள்விக்கான விடை. இன்னொருவனை எழுப்பினேன். அவனும் தயங்கித் தயங்கி, "நூத்தி இருபது" என்றான். அவர்கள் என் கேள்வியையே கேட்கவில்லை, வரிசையை மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

அந்த நேரத்திலும் இசக்கிப்ரியாவின் இடது கை ஜன்னல் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "எட்டு மடங்கு" என்று நானே எழுதினேன்.

பிறகு வட்டம். ஹரிஹரனைப் பற்றி யாராவது வாயைத் திறப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யாரும் திறக்கவில்லை. ஹரிஹரன் யாருக்கும் ஒதுக்கப்பட்ட பிள்ளை இல்லை. சொன்ன விதியை அவர்கள் மீறவில்லை.

தமிழய்யா முதலில். "நான் பாத்தது மாதேஷ். ஒவ்வொரு கேள்விக்கும் இடது கையைத் தூக்கினான். நோட்டுல ஒண்ணும் எழுதல. கை தூக்கையில நிம்மதியா சிரிச்சான் சார். தன்னைக் கூப்பிட மாட்டாங்கன்னு அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

பிறகு ஜெபக்கனி டீச்சர். அவர் என்னைப் பார்க்கவில்லை, தான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தே பேசினார். "இசக்கிப்ரியா ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல பக்கத்தோட ஓரத்துல விடையை எழுதிருதா. அப்புறம் பென்சிலை வச்சிட்டு அதே கையைத் தூக்குதா. கடைசிக் கேள்விக்கு எட்டுன்னு எழுதி, அடியில கோடு போட்டு, எந்திரிச்சு நின்னு தூக்கினா. சார் பலகையில எட்டுன்னு போட்டதும் உக்காந்து, அதை ரப்பர் வச்சு அழிச்சிட்டா."

"ஏன் அழிச்சா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியல மேடம். நான் பாத்ததை மட்டும் சொல்லுதேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நேரம் இல்ல, அதான் கூப்பிடல" என்றேன். யாரும் மறுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

அதே கை. எழுதுகிற கை. அவள் அந்தக் கையால் எழுதுவதை ஒரு மாதமாகப் பார்க்கிறேன். அந்தக் கையைத் தூக்குவதையும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இல்லை, அப்படியும் இருக்க முடியாது. வழக்கம் அவளுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். சொல்லாமலா இருப்பார்கள்?

பிப்ரவரி 8, சனி

சிறப்பு வகுப்பு. ஹரிஹரனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். இசக்கிப்ரியா வந்தபோது நம் வழக்கத்தை அவளிடம் சொன்னீர்களா என்று.

"இல்ல சார்."

"ஏம்ல?"

"நீங்கதான சார் வெளியாளுட்ட சொல்லக் கூடாதுன்னீங்க."

"அவ நம்ம கிளாஸ்ல."

"அவ ஜெபக்கனி டீச்சர் தெரு சார். டீச்சர் ஸ்கூட்டில கூட வருவா. போட்டுக் குடுத்துருவாளோன்னு நாங்க எல்லாரும் பேசி, சொல்ல வேண்டாம்னு வச்சிட்டோம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க சரியாத்தான சார் செஞ்சோம்?" என்றான்.

நான் இந்தப் பிள்ளைகளுக்குக் கன அளவு நடத்தினேன், மனதில் நிற்கவில்லை. ஆளைச் சந்தேகப்பட நடத்தவே இல்லை. அதை ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் படித்திருக்கிறார்கள்.

போய் விளையாடு என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மோட்டார் ஆள் வந்தான். காற்றை எடுத்துவிட்டுப் போனான்.

முருங்கைக்காய் விஷயம் தெரிந்துவிட்டது. வடிவேதான் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் மருமகளுக்குப் பிரசவம். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னா எதுக்கு, என்னத்துக்கு, அவன் நமக்கு என்ன செஞ்சான்னு நூறு கேள்வி கேப்பிய. பிள்ள பெத்தவளுக்கு ரெண்டு காய் குடுக்க உங்ககிட்ட பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமாக்கும்" என்றாள். கோபம் வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் வராத கோபம் எனக்கே புதிதாக இருந்தது.

நாளை அந்தப் பெண்ணின் அப்பா வருகிறார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவருடைய கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறந்தால் வலது கை, இடது கை எல்லாம் வெளியே வரும். எத்தனை வருடக் கூத்து. ஆள் குறைக்கப் பெயர் தேடுகிற நேரத்தில் நானே என் பெயரைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். மேடத்திடம் மட்டும் தனியாக, "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன், அந்தப் பிள்ளை இருக்கட்டும்" என்று சொல்லிப் பார்க்கலாமா? காப்பி என்று சொன்னது அந்தப் பெண்ணின் பெயரோடு அப்படியே இருக்கும்.

வடிவு சாப்பிடக் கூப்பிடுகிறாள். பசியில்லை என்றால் நூறு கேள்வி கேட்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது: அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அவள் அப்பா பெயர் ஆவுடையப்பன். லாரி செட்டில் புக்கிங் பார்க்கிறவர். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "கணக்கு சாரா? புள்ள சொல்லுவா சார்" என்றார். என்ன சொல்லுவாள் என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேடம் பேச வாயெடுப்பதற்குள் நான் பேசினேன். ஆய்வுக்காக நான் செய்த ஏற்பாடு, வலது கை, இடது கை, வெளியாளிடம் சொல்லக் கூடாது என்றது, பிள்ளைகள் இவளிடம் மறைத்தது, பையைச் சோதித்தது, தனியாக உட்கார வைத்தது, காப்பி என்று பட்டியலில் பெயர் சொன்னது. ஜெபக்கனி டீச்சரைப் பற்றி நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. அதை டீச்சரிடமே சொல்ல வேண்டும்.

"உங்க மக காப்பி அடிக்கல. அவளுக்கு எல்லாம் தெரியுது. எனக்குத்தான் தெரியல" என்றேன்.

ஆவுடையப்பன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்கு வந்து சொல்லுவா சார். 'கணக்கு சார் மட்டும் என்னையக் கூப்பிடவே மாட்டேங்காருப்பா'ன்னு. நான்தான் சொன்னேன், ஓரத்துல இருக்க, சாருக்குத் தெரிஞ்சிருக்காது, எந்திரிச்சு நின்னு நல்லா ஒசத்தித் தூக்குன்னு."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

அவரை அனுப்பிய பிறகு மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "தாளாளர் ஆளைக் குறைக்கச் சொல்லிருக்கார், அது உண்மைதான் சார். அதுக்கு நான் வட்டம் போட வேண்டியதில்ல. யாருக்கு எவ்வளவு பாடவேளைன்னு பாத்தாலே வேலை முடிஞ்சிரும்" என்றார். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்தார். "நீங்க இப்பச் சொன்னதை நான் அவர்கிட்ட மறைக்க முடியாது. அவர் என்ன செய்வார்னும் எனக்குத் தெரியாது."

"சரி மேடம்" என்றேன்.

ஸ்டாஃப் ரூமில் ஜெபக்கனி டீச்சரிடம், என் தாள் அவர் மூலம் வெளியே போகிறது என்று நான் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "நான் உங்க வகுப்புக்கு வரணும்னு கேட்டதே வேற ஒண்ணுக்கு சார். அவ காரணிப்படுத்துறதுக்கு ஒரு வழி வச்சிருக்கா. போட்டுக் காட்டினா, எனக்கு விளங்கல. நீங்க சொல்லித் தருவீங்கன்னு பாத்தேன்" என்றார். பிறகு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். கோபம் இருக்கிறது. இருக்கட்டும், அது நியாயமான கோபம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. பள்ளி கொடுத்த டைரியில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த "இனிதே நடைபெற்றது" எல்லாவற்றையும் அடித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

தாளாளரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். பாடத்தை ஆரம்பிக்காமல் மேசையில் சாய்ந்து நின்று, "நம்ம வழக்கம் இன்னையோட முடிஞ்சது" என்றேன். வலது, இடது எதுவும் கிடையாது. தெரிந்தால் தூக்கலாம், எந்தக் கையை வேண்டுமானாலும். தெரியாவிட்டால் தூக்க வேண்டாம். தெரியவில்லை என்று வாயால் சொல்லலாம், ஒருவரும் திட்ட மாட்டார்கள். இதைச் சொல்லும்போது மாதேஷ் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பாவம், இத்தனை நாள் அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கூரையை நானே பிரிக்கிறேன். இனி அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், எழுப்பி நிறுத்த அல்ல, சொல்லிக் கொடுக்க.

இசக்கிப்ரியா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வழக்கம் முடிந்தது என்றே அவளுக்குத் தெரியாது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். பிறகு, எல்லோர் முன்னாலும் ஒதுக்கியதற்கு எல்லோர் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. "இசக்கிப்ரியா, நீ வரதுக்கு முன்னால இந்த வகுப்புல ஒரு விதி இருந்தது. உனக்கு யாரும் சொல்லல, நானும் சொல்லல. அதனால உன்னை நான் தப்பா நெனச்சிட்டேன். தப்பு என்மேல" என்றேன்.

பிறகு, ஒத்திகை பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டேன். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் கொள்ளளவு என்ன ஆகும்?

ஒரு கையும் எழவில்லை. எல்லாக் கையும் எழுந்தே பார்த்துப் பழகிய வகுப்பு, காற்று போன பந்து மாதிரிக் கிடந்தது. எத்தனை பேருக்குத் தெரியாது என்பதை இன்றுதான் பார்க்கிறேன். ஹரிஹரன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எதைத் தூக்குவது என்று தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தான்.

ஜன்னல் ஓரத்தில் பென்சிலை வைக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு கை எழுந்தது. இடது கை.

"இசக்கிப்ரியா" என்றேன்.

அவள் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். எழுந்த பிறகும் கை மேலேயே இருந்தது.

"சொல்லும்மா."

"சார், கைய எறக்கிரலாமா?" என்று கேட்டாள்.